கோமாரி ஊசிக்கு நின்ற கன்றுக்குட்டி

அந்த ஊரில் மாரியாத்தா பேசுவதெல்லாம் பெரியதனக்காரர் சடையாண்டி காதுக்கு மட்டுந்தான் கேட்கும். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டால் ஆத்தா கோபிப்பாள், போட்ட குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பேன் என்று சொல்லி, வந்த நர்ஸம்மாவை ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். அவர் தொழுவத்தில் சாணி அள்ளுகிற மொக்கத்தாயும் அதற்குப் பயந்து கிடந்தவள்தான்.

அதே மனுசர் ஒருநாள் மாட்டு டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தார். கோமாரி ஊசிக்கு அவருடைய பசுக்கள் வரிசையாக நின்றன. கடைசிப் பசுவுக்குப் பின்னால், கழுத்தில் தளரக் கட்டிய கயிற்றோடு நின்றாள் மொக்கத்தாயின் சின்ன மகள்.

"ஏய், என்னடி கூத்து இது?" என்று சீறினார் சடையாண்டி.

"கன்னுக்குட்டிங்கய்யா," என்றாள் மொக்கத்தாய். "மாட்டுக்கு ஊசி போட்டா மட்டும் ஆத்தா கோவிக்க மாட்டாபோல."

வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. மாட்டு டாக்டரும் சிரித்துவிட்டார். சடையாண்டிக்கு முகம் செத்துப்போனது.

"அந்த நர்ஸை வரச்சொல்லித் தொலைங்கடா!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மொக்கத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"போன வருசம் மணல்வாரி அம்மை கண்டு செத்தானே என் மூத்தவன்," என்றாள். "அவனையும் மாடுன்னு சொல்லத் தெரியாமப் போச்சே எனக்கு."