குரங்கு துடைத்த ஒட்டடை

ஒரு காட்டின் நடுவே அகலமான ஆறு ஒன்று ஓடியது. அக்கரைக்குப் போகிறவர்களை ஆமை தன் முதுகில் ஏற்றிச் செல்லும். மூட்டையோடு ஏறினால் ஆமை மூழ்கிவிடும். அதனால் மூட்டைகளைக் குரங்கிடம் ஒப்படைக்க வேண்டும். அது ஆற்றின்மேல் இரு கரையிலிருந்தும் வளைந்து பின்னிக் கிடக்கும் மரக்கிளைகளில் தாவி அவற்றை அக்கரை சேர்க்கும்.

குரங்குக்குக் கை நீளம். வாய் அதைவிட நீளம். நடுவழியில் மூட்டையை அவிழ்த்து, வேண்டியதைத் தின்றுவிட்டு, பழையபடியே முடிச்சுப் போட்டுவிடும். குறைகிறதே என்று யாராவது கேட்டால், முடிச்சு போட்டபடியே இருக்கிறதே, நீங்கள்தான் வீட்டிலேயே குறைத்துக் கட்டியிருப்பீர்கள் என்று அவர்கள் வாயை அடைத்துவிடும்.

அக்கரையில் முயலின் தங்கை குட்டி போட்டிருந்தது. அதற்குப் பால் சுரக்க முயல் வேர்க்கடலை கொண்டுபோனது. போய்ச் சேர்ந்தபோது பாதி மூட்டைதான் மிஞ்சியிருந்தது. குட்டிகள் பசியில் கத்தின.

அடுத்த முறை முயல் நேராகச் சிலந்தியிடம் போனது. மூட்டையின் வாய்க்குள், கடலைக்கு மேலே, சின்னதாக ஒரு வலை பின்னித் தரும்படி கேட்டது. சிலந்தியும் பின்னிக் கொடுத்தது. அதன்மேல் முடிச்சுப் போட்டு, முயல் மூட்டையைக் குரங்கிடம் கொடுத்துவிட்டு ஆமைமேல் ஏறிக்கொண்டது.

அக்கரையில் குரங்கு சிரித்த முகத்தோடு காத்திருந்தது. முடிச்சில் ஒரு குறையும் இல்லை. கூலியோடு நல்ல பெயரும் கிடைக்கட்டும் என்று நினைத்ததோ என்னவோ, சும்மா இருக்காமல் வாயைத் திறந்தது.

"அக்கா, மூட்டையெல்லாம் ஒரே ஒட்டடை. பாவம் என்று நானே துடைத்துவிட்டேன்."

"ரொம்ப நல்லது தம்பி. ஒட்டடை முடிச்சுக்கு உள்ளேதானே இருந்தது. அவிழ்க்காமல் எப்படித் துடைத்தாய்?" என்று கேட்டது முயல்.

ஆமையும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் தின்றதற்கு இரண்டு பங்கு கடலை பறித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் இனி மூட்டை தூக்கும் வேலை கிடையாது என்றது ஆமை. குரங்கு மண்ணைத் தோண்டப் போனது. தங்கை வயிறு நிறையத் தின்றது. குட்டிகள் பால் குடித்துத் தூங்கின.

மறுமுறை மூட்டையை வாங்கும்போது குரங்கு மெல்லக் கேட்டது. "அக்கா, இதிலும் வலை இருக்கிறதா?"

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முயல் ஆமைமேல் ஏறி உட்கார்ந்தது.

நீதி: பிறர் கையில் கொடுக்கும் பொருளுக்குக் கட்டு மட்டும் போதாது, அவிழ்த்தால் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் வேண்டும்.