வாம்பட்டுக்குத் திருப்பித் தைத்த பை

அந்தக் காலத்தில், ஆஸ்திரேலியக் காட்டு விலங்குகளெல்லாம் ஆளுக்கொரு ராகத்தில் வாயாடித் திரிந்த காலத்தில், பிள்ளை சுமக்கும் பை யாருக்கும் பிறவியிலேயே வரவில்லை. தைத்துத்தான் வாங்க வேண்டும். தையற்காரர் எக்கிட்னா அண்ணாச்சி. உடம்பு முழுக்க ஊசி முளைத்தவருக்கு வேறென்ன தொழில் அமையும்? யூக்கலிப்டஸ் பட்டையில் நார் உரிப்பார். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்குவார். "அசையாம நில்லும்மா, குத்திரும்" என்று சொல்லிக்கொண்டே தைப்பார். கடைசியில் தையல்மேல் மரப்பிசின் தடவுவார். பிசின் காய்ந்ததும் பை தோலோடு தோலாகிவிடும். அப்புறம் வாங்கியவள் வம்சத்துக்கே அந்தப் பைதான்.

ஒருநாள் காலை பை வாங்கியவள் வாம்பட். குட்டைக்கால், கட்டை உடம்பு, உருட்டிவிட்ட பாறை மாதிரி இருப்பாள். ஆனால் வளை தோண்டுவதில் அவளை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அது காட்டுக்கும் தெரியும், அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

விரல் நீளம்கூட இல்லாத மகளைப் புதுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிஞ்சு பால்காம்பைக் கவ்வியது கவ்வியபடி கிடந்தது. காம்பை விட்டால் அதற்கு உயிர் தங்காது.

வளை வாசலைக் கொஞ்சம் அகலமாக்கலாமே என்று நாலு வாரு வாரினாள். மண் சரசரவென்று வயிற்றுக்கடியில் பின்னே போனது. போகிற வழியில் பாதி, முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்த பைக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து 'ம்ச்சூ' என்று ஒரு பொடித் தும்மல்.

அடித்துப் பிடித்துத் திரும்பி ஓடினாள்.

"அண்ணாச்சி, பையைத் திருப்பித் தைச்சுக் குடுங்க. வாய் வால்பக்கம் இருக்கட்டும்."

"வால்பக்கமா?" எக்கிட்னாவின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "ஏம்மா, நான் தொழில் பண்ணவா, வேண்டாமா? எக்கிட்னா கை கோணல்னு ஊரே சிரிக்கும்."

பக்கத்தில் கங்காரு தன் புதுப் பையின் பிசினை வெயிலில் காய வைத்துக்கொண்டு நின்றாள். "ஏனுங் வாம்பட்டக்கா, இத்தன செரமம் எதுக்குங்? தோண்டறத உட்டுப்போட்டு எங்களாட்டம் வெளியில படுங்க. புள்ளைக்குக் காத்தும் வருமில்லீங்."

கிளையில் இருந்த கொண்டைக்கிளி விடுமா? "அக்கா முன்னால போவும், புள்ள பின்னால வர்றவனுக்கெல்லாம் டாட்டா காட்டும்டோய்!"

காடே சிரித்தது. வாம்பட் மூக்கை நிமிர்த்தினாள். "தோண்டலைன்னா நான் வாம்பட் இல்ல, வெறும் கல்லு."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. இலையில் ஊறிய எண்ணெய் எரிகிற வாடை. கொண்டைக்கிளி மேலே பறந்து பார்த்துவிட்டு அலறியது: "நாலா பக்கமும் நெருப்புடோய்! ஓடறதுக்கு வழியே இல்ல!"

எல்லாக் கண்ணும் வாம்பட்டின் பக்கம் திரும்பின. அருகிலேயே அவள் வளை இருந்தது. ஆனால் அதில் அவள் ஒருத்திக்குத்தான் இடம். உள்ளே புகுந்து அடைத்துக்கொண்டால் தாயும் மகளும் தப்பிப்பார்கள். மற்றவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் தோண்டியாக வேண்டும். தோண்டினால் மகள் மண்ணுக்குள் மூச்சுத் திணறிப் போவாள்.

வாம்பட் ஒரு கணம் வளையைப் பார்த்தாள். "திருப்புங்க அண்ணாச்சி."

"பிசின் பாதி காஞ்சிருச்சும்மா! இப்பப் பிரிச்சா தோலும் சேந்து வரும். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. காலத்துக்கும் கோணப்பைதான்."

பேச்சை அவள் கேட்டு முடிக்கவில்லை. குனிந்து, தையலைத் தன் பல்லாலேயே 'படக்' என்று அறுத்தாள். தோலும் சேர்ந்துதான் வந்தது.

எக்கிட்னாவுக்கும் தோண்டத் தெரியும், தான் ஒருத்தன் ஒளிகிற அளவுக்கு. நினைத்திருந்தால் அந்த நேரத்தில் மண்ணுக்குள் போயிருப்பார். அவர் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினார். பிஞ்சு காம்பை விடாதபடி பையைச் சுற்றித் திருப்பி, புகையில் கண் எரிய எரியத் தைத்தார்.

பிறகு வாம்பட் தோண்டினாள் பாருங்கள்! வேர் அறுந்தது, கல் உருண்டது, மண் மழையாகப் பறந்தது. பையில் ஒரு பொடிகூட விழவில்லை. கங்காரு சாயலில் சின்ன வாலபிகள் நுழைந்தன, மரமேறும் போஸம்கள் நுழைந்தன, மரத்தைவிட்டு இறங்கிய கோவாலா அம்மா நுழைந்தாள், இறகு கருகிய கொண்டைக்கிளி நுழைந்தது. கடைசியாகக் கங்காரு நீளக்காலை மடக்கிப் புகுந்தாள். தலைக்கு மேலே நெருப்பு கடகடவென்று ஓடிக் கடந்தது.

இருட்டில் ஒரு குரல்: "வாம்பட்டக்கா... பேசுனத மனசுல வெச்சுக்காதீங்."

"அதெல்லாம் கிடக்கட்டும் தங்கச்சி. முதல்ல உன் முட்டியை எடு, என் மூக்குல குத்துது."

நெருப்பு அடங்கி எல்லோரும் வெளியே வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, "பிள்ளை எப்படி இருக்கு?" என்று வாம்பட்டின் முகத்துக்கு நேரே கூடிவிட்டார்கள். வாம்பட் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, பின்புறத்தைக் காட்டி நின்றாள். கால்களுக்கிடையே, திறந்த பைக்குள், ரோஜா நிற மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தையல்? நம்ம தையல்!" என்று எக்கிட்னா எல்லோர் காதிலும் போட்டுவைத்தார். கோவாலா அம்மாகூட, "எனக்கும் இதே மாதிரி வெச்சுத் தாங்க" என்று வரிசையில் நின்றாளாம்.

அன்று முதல்தான் வாம்பட்டின் பை வால்பக்கம் பார்க்கிறது. இன்றைக்கும் வனவிலங்குப் பூங்காவில் வேலியோரம் குனிந்து, கேமராவை நீட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்று கூப்பிட்டுப் பாருங்கள். கங்காரு தாவி வந்து முகம் காட்டும். வாம்பட் ஒரு சுற்றுச் சுற்றி, உங்களுக்குப் பின்புறத்தைத்தான் காட்டும். மரியாதை தெரியாத ஜென்மம் என்று நினைத்துவிடாதீர்கள். மகளைக் காட்டுகிறாள்.