கடல் தின்ற கற்கள்

“சாமி, நான் போடுறதையெல்லாம் ஏதோ தின்னுது” என்றாள் பூரணம்.

கடற்கரைக் குடிலில் இருந்த துறவி அவளைவிட இளையவர். ஆனாலும் மனம் கலங்கினால் அவரிடம்தான் வருவாள்.

“எதைப் போடுறே?”

“மாசாமாசம் மூவாயிரம், மியூச்சுவல் ஃபண்டுல. எட்டு வருஷமா. எல்லாம் இறால் உரிச்ச காசு. இந்த வருஷம் கரையுது சாமி. இருக்கிறதையாவது எடுத்துடலாம்னு படிவம் நிரப்பிட்டேன்.”

இடுப்பில் செருகியிருந்த தாளைத் தொட்டுக்கொண்டாள்.

“யாருக்குச் சேர்த்தே?”

பூரணம் வாசலைக் காட்டினாள். மகள் இசக்கி மணலில் குந்தி, ஒரு நண்டோடு பேசிக்கொண்டிருந்தாள். வயது இருபது. மனசுக்கு ஐந்து.

“எனக்கப்புறம் அவளுக்கு யாரு?”

துறவி ஒரு கல்லைத் தூக்கித் தோளில் வைத்தார். அன்று அமாவாசை. அமாவாசைதோறும் கடலில் ஒரு கல் போடுவார். அவருடைய குருவும் போட்டவர்தான். ஊர் சிரிக்கும்.

“வா.”

அந்தி. அலையே இல்லை. அவர் கடலுக்குள் நடந்தார். பூரணம் மகளின் கையைப் பிடித்துப் பின்னால் போனாள். காலடியில் கல் தட்டிக்கொண்டே வந்தது; கரை தூரமாகியும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை.

அடியில் நெறுநெறுவென்று ஒரு சத்தம்.

“என்ன சாமி அது?”

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

சட்டென்று காலுக்கடியில் ஒன்றுமில்லை. மகளின் கை நழுவ, இடுப்பளவு மூழ்கினாள். தொற்றிய கையைக் கல் கிழித்தது. கல் அல்ல, சிப்பி. சிப்பியின் மேல் சிப்பி.

துறவி தூக்கிவிட்டார்.

“இங்க ஏன் பள்ளம்?”

“குரு சமாதியான வருஷம். கடல் தின்னுடுதேன்னு பயந்து நாலு மாசம் நிறுத்திட்டேன்.”

கொஞ்ச தூரம் போய் நின்றார்.

“இது போன மாசக் கல். இதோட சரி.”

பூரணம் திரும்பினாள். மகள் பக்கத்தில் இல்லை.

நாற்பதடி முன்னால், வெறும் கடலில், இசக்கி நடந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி, நில்லு! அங்க கல்லு கிடையாது!”

இசக்கி காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள். தண்ணீர் தெறித்தது. கணுக்கால்தான்.

“தரை இருக்கும்மா!”

பூரணம் துறவியைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

“அங்க யாரு போட்டது சாமி?”

“யாரும் போடலை. போட்ட கல்லுலேர்ந்து சிப்பி தானா வளர்ந்து போயிருக்கு.”

நெறுநெறுவென்ற சத்தம் இப்போது எல்லாப் பக்கமும் கேட்டது.

பூரணம் இடுப்பிலிருந்த தாளை எடுத்தாள். கூழாகியிருந்தது. விரல்களைத் திறந்து அதைக் கடலில் விட்டாள்.

துறவி தோளிலிருந்த கல்லை இறக்கி அவள் கையில் வைத்தார்.

“இந்த மாசக் கல்.”