தளவாயார் கேட்ட தட்டி

ராஜாவுக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தால் துடைப்பம் தேய்வது நாட்டின் தலையெழுத்து. மருதங்குடி ராஜா கொண்டல்ராயருக்கு அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்ட புண்ணியவான் தளவாய் திருமேனிநாதர்.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு காடு. மான், முயல், மயில், கௌதாரி, கிளி, மரங்கொத்தி, எதற்கும் பஞ்சமில்லை.

"மகாராஜா, காடு எண்ணெய் காணாத தலை மாதிரி இருக்கிறது. வாரிவிடட்டுமா?" என்றார் தளவாய்.

வாரினார். சூரைப் புதர்களை வெட்டினார், கொடிகளை அறுத்தார், பட்டமரங்களை ஒன்று விடாமல் சாய்த்தார், சருகைக் கூடப் பெருக்கித் தள்ளினார். மிச்சமிருந்த மரங்களை ஒரே உயரத்துக்குக் கத்தரித்துச் சிப்பாய்களைப் போல நிறுத்தினார். ராஜா பார்த்துக் கைதட்டினார்.

அடுத்த மழைக்குள் காட்டில் காக்கையைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. காக்கை எங்குதான் இல்லை?

"என் மான் எங்கே? மயில் எங்கே?" என்று ராஜா கத்தினார்.

தளவாய் இமை கொட்டாமல் சொன்னார்: "காவல்காரன் உலகநாதன் வலை போட்டுப் பிடித்து விற்றுவிட்டான், மகாராஜா."

விசாரணையா, மண்ணாங்கட்டியா! உலகநாதன் சிறைக்குப் போனான். ஆவணி பிறந்ததும் நாடு கடத்தல் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

உலகநாதனுக்கு ஓர் அக்காள், ஆவுடை. விருந்தினர் மாளிகை அவள் பொறுப்பில் இருந்தது. வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே ராஜாவுக்கு அவளைப் பிடிக்கும். அதனாலேயே தளவாய்க்குப் பிடிக்காது. அவள் நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"மகாராஜா, என் தம்பி திருடவில்லை. முயல் ஒளியப் புதர் வேண்டும். கிளி குஞ்சு பொரிக்கப் பொந்து வேண்டும். கௌதாரி கிளறச் சருகு வேண்டும். மரத்தில் வாழ்வது தரையில் தங்காது, தரையில் வாழ்வது மரம் ஏறாது. எல்லாவற்றையும் வழித்துவிட்டால் அதுகள் எங்கே போகும்?"

தளவாய் சிரித்தார். "நிழல் இருக்கிறது, தழை இருக்கிறது, குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. இதற்கு மேல் மிருகத்துக்கு என்னம்மா வேண்டும்? பட்டுமெத்தையா?"

ராஜாவும் தலையாட்டினார். ஆவுடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சொல்லிப் புரியாதவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறித்தான் காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போகட்டும் மகாராஜா. வரும் வெள்ளிக்கிழமை தங்கள் மாமியார் குடும்பத்தோடு வருகிறார். தளவாயார் காட்டைச் சீர்செய்த மாதிரியே மாளிகையைச் சீர்செய்ய எனக்கு உத்தரவு வேண்டும்."

தளவாய் மீசையைத் தடவினார். "பேஷ்! அப்படியே செய்!" என்றார் ராஜா.

அப்படியே செய்தாள். கதவுகளைக் கழற்றினாள். திரைச்சீலைகளை உருவினாள். மரத் தடுப்புகளைப் பெயர்த்தாள். பரணைப் பிரித்தாள், மாடிப்படியை எடுத்தாள், கொல்லையில் குளிக்கிற இடத்துத் தட்டியைக் கூட விடவில்லை. மாளிகை முழுக்க ஒரே கூடம். தரையில் முகம் பார்க்கலாம். சமையலில் மட்டும் ஒரு குறை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பல்லக்குகள் வந்து இறங்கின. ராஜாவின் மாமியார், பிறர் கண் படச் சாப்பிடாதவர். பேச்சுவார்த்தை அறுந்துபோன அவருடைய இரண்டு மருமகள்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. குறட்டைக்குப் பேர்போன சித்தப்பா ஒருவர். இலை போடுகிற இடத்தை மூக்காலேயே கண்டுபிடிக்கும் தளவாயின் மச்சினனும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"புடவை எங்கே மாற்றுவது?"

"இங்கேதான் அம்மா. எவ்வளவு விசாலம் பாருங்கள்!"

"இவள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிடணுமா?" என்றாள் மூத்த மருமகள், சுவரைப் பார்த்து.

"என் மூஞ்சிக்கென்ன?" என்றாள் இளையவள், தூணைப் பார்த்து.

குழந்தை அழுதது. சித்தப்பா நட்டநடுக் கூடத்தில் குறட்டையை ஆரம்பித்தார். மாமியார் எழுந்தார். மதியம் திரும்புவதற்குள் பல்லக்குகள் ஏரிக்கரைச் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சாயங்காலம் ராஜா தளவாயோடு மாலையும் தட்டுமாக வந்தார். கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. நடுவில் மச்சினன் மட்டும், முன்னால் மூன்று இலைகள்.

"ஆவுடை! என் மாமியார் எங்கே?"

"யாரோ திருடிவிட்டார்கள், மகாராஜா."

"என் மாமியாரையா? எவன் திருடுவான்!"

"வேறு எப்படிப் போவார்கள்? கூரை இருக்கிறது, சோறு இருக்கிறது, அண்டா நிறையத் தண்ணீர் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?"

ராஜா சுற்றிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"அடி பைத்தியமே! பிள்ளைக்காரி ஒதுங்க ஒரு மூலை வேண்டாமா? அந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டாமா? குறட்டைக் கிழவரை ஏற்றிவிட ஒரு மாடி வேண்டாமா? ஒளிய, ஒதுங்க இடமில்லாத வீட்டில் எவர் தங்குவார்? யாரும் திருடவில்லை. அவர்களாகத்தான் போய்விட்டார்கள்!"

"அப்படியானால் என் தம்பி எதற்குச் சிறையில் இருக்கிறான், மகாராஜா?"

ராஜா மெல்லத் திரும்பித் தளவாயைப் பார்த்தார். தளவாய் தரையைப் பார்த்தார். அதிலும் அவர் முகமே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினன், "இன்னும் கொஞ்சம் பாயசம் கிடைக்குமா?" என்றான்.

"காக்கை மட்டும் தங்கிவிட்டது!" என்று ராஜா வெடித்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சிறைக்கு ஆள் அனுப்பினார். உலகநாதன் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்தான். ஆவுடைக்குத் தங்கக் காப்பு கிடைத்தது. மாமியாரைச் சமாதானம் செய்ய ராஜாவே சத்திரத்துக்கு நடந்தார். அந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

காட்டில் இனி அரிவாள் படக்கூடாது என்று உத்தரவாயிற்று. புதர் மண்டியதும் முயல் வந்தது, அப்புறம் கௌதாரி. மரங்கொத்திதான் தாமதம்; ஏதாவதொரு மரம் மூத்துப் பட்டுப்போகும் வரை அது என்ன செய்யும், பாவம்?

தளவாய்க்கும் தண்டனை உண்டு. காட்டுக்கு மான் திரும்பும் வரை அவர் அந்த மாளிகையில்தான் குடியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆவுடை கொல்லைப் பக்கம் போனாள். தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் துண்டுமாகத் தளவாய் கிணற்றடியில் நின்றார். சுற்றிலும் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஆவுடையம்மா," என்றார் தளவாய், துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "ஒரு தட்டி... ஒரே ஒரு தட்டி..."

"தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே தளவாயாரே," என்றாள் ஆவுடை. "இப்போது எதற்கு உங்களுக்கு ஒரு புதர்?"