மூன்றாம் மணிக்கு முன் கத்திய அணில்

ஊசிப்பாறைக் காட்டில் மஞ்சக்காலி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தது. காவற்குரல் கல்லூரியின் தேர்வுத் துறைக்கு அதைப் புதுத் தலைவியாகப் போட்டார்கள்.

சிறுத்தை வந்தால் மரத்தின் மேலிருந்து கத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குரலை நம்பித்தான் கீழே மான்கள் மேயும். அதற்குத்தான் அந்தக் கல்லூரியில் மூன்று வருஷப் படிப்பு. குரங்கும் மயிலும் மைனாவும் அணிலுமாக நாற்பது பேர் படித்தார்கள். வாசல் ஆலமரத்தில் ஒரு பலகை தொங்கியது: 'ஆறு ஆண்டுகளாக ஒருவரைத் தவிர அனைவரும் தேர்ச்சி!'

பலகையைப் பார்த்த மஞ்சக்காலிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதிவாளர் மரநாய் பழைய மதிப்பெண் பட்டியல்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தது.

"மேடம், நீங்க ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். நம்ம ஆபீஸ் காட்டுப்பூனை வெருகன் இருக்கான் இல்ல? சிறுத்தை மாதிரி உடம்பெல்லாம் கரிப்பொட்டு வெச்சுக்கிட்டுக் கிழக்குப் புதர்ல ஒளிஞ்சிருப்பான். மூணாவது மணி அடிச்சதும் வெளியே குதிப்பான். பிள்ளைங்க கிழக்கே பார்த்துக் கத்துவாங்க. நூத்துக்கு நூறு போட்டுடலாம்!"

"நிஜச் சிறுத்தை வந்தா?"

"அதுக்கு யாரு மேடம் கடிதம் எழுதி வரவழைக்கறது!" என்று மரநாய் விழுந்து விழுந்து சிரித்தது.

வேலைக்குப் புதுசு. எல்லாரும் சிரிக்கும்போது சிரித்து வைப்பதுதானே வழக்கம்? மஞ்சக்காலியும் சிரித்தது.

பட்டியலைப் புரட்டினால் ஒரே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கோணவால் என்ற மலையணில். ஆறு வருஷமும் ஒரே குறிப்பு: 'மணிக்கு முன் கத்தியது. பூஜ்யம்.'

கோணவாலைக் கூப்பிட்டு விசாரித்தது மஞ்சக்காலி.

"என்னம்மா, ஆறு அரியரா?"

"வாசனை வருது மேடம். வந்துட்டா வாய் நிக்க மாட்டேங்குது."

"வெருகன் பூசற கரி வாசனையா?"

"கரி இல்ல மேடம், அது வந்து..."

"போதும் போதும்! இந்தத் தடவை மணி அடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதே. நான் பாஸ் போட்டுடறேன். சத்தியம் பண்ணு!"

கோணவால் தன் வாலைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுப் போயிற்று.

வெளியே சிவத்தி என்ற புள்ளிமான் குட்டியோடு நின்றிருந்தது.

"அம்மா, போன வருஷம் தேர்வு அன்னிக்குத்தான் என் தலைப்பிள்ளை காணாமப் போச்சு. வழி தவறிடுச்சுன்னு பதிவேட்டுல எழுதிட்டாங்க. இப்ப எனக்கு இது ஒண்ணுதான். பிள்ளைங்க நல்லாக் கத்துவாங்க இல்ல?"

"என்ன கேள்வி இது! நூத்துக்கு நூறு வாங்கற பிள்ளைங்க!" என்றது மஞ்சக்காலி.

தேர்வு நாள் வந்தது. இளவெயில். மரக்கிளைகளில் நாற்பது மாணவர்கள். கீழே மான் கூட்டம். முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது.

மேற்கே புல் விலகியது.

'வெருகன் ஏன் இந்தப் பக்கமாக வருகிறான்?' என்று நினைத்தது மஞ்சக்காலி. அடுத்த கணம், 'வெருகனுக்கு எப்போது இத்தனை நீள வால் முளைத்தது?'

நிஜச் சிறுத்தை!

வகுப்பில் முதல் மாணவனான கருமந்தி சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தது. பாடத்தில் இல்லாத கேள்வியைக் கண்டதுபோல முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டது. எல்லாக் கண்ணும் பார்த்தன. ஒரு வாயும் திறக்கவில்லை!

கோணவால் இரண்டு கைகளையும் வாய்க்குள் திணித்துக்கொண்டது. அதன் கண் மஞ்சக்காலியை விட்டு நகரவில்லை. கீழே, நாலே பாய்ச்சல் தூரத்தில், சிவத்தியின் குட்டி புல் மேய்ந்துகொண்டிருந்தது.

கோணவாலின் கைகள் விலகின.

"சிறுத்தை! மேற்கே சிறுத்தை!"

மான்கள் தலையைத் தூக்கின.

"மணிக்கு முன்னாடி! பூஜ்யம்!" என்று அதட்டியது மரநாய்.

அதைக் கேட்டதும் மான்கள் தலையைத் தாழ்த்தி மறுபடியும் மேயத் தொடங்கின!

மஞ்சக்காலி பதறிப்போய் மூன்றாம் மணியை அடித்தது. உடனே முப்பத்தொன்பது குரல்கள் காடு அதிரக் கத்தின. எப்படி? கிழக்கே பார்த்து! வெருகனும் நேரம் தவறாமல் கிழக்கிலிருந்து குதித்தான். மிரண்ட மான்கள் திரும்பி ஓடின. எங்கே? மேற்கே, சிறுத்தையின் வாய்க்கு நேராக!

"ஐயோ!"

மஞ்சக்காலி மணியைப் போட்டுவிட்டுப் பறந்தது. தன் குலத்துக்கே உரிய குரலில் அலறிக்கொண்டு சிறுத்தையின் முகத்தில் போய் மோதியது. மேற்குக் கிளை நுனிக்கு ஓடிக் கோணவாலும் கத்தியது. மான்கள் சட்டென்று வளைந்து சிதறின. சிறுத்தையின் நகத்தில் சிக்கியது குட்டியின் வால்முடி மட்டுமே.

சிறுத்தை நிதானமாகப் பாதத்தை நக்கியது.

"புது மேடமா? இப்படிக் கெடுத்துட்டீங்களே! ஆறு வருஷமா உங்க தேர்வு நாளா பார்த்துத்தான் வர்றேன். வருஷம் தவறாம ஒரு குட்டி! காட்டிலேயே எனக்குத் தோதான இடம் இதுதான். கத்தற ஒரு பிள்ளையையும் நீங்களே அடக்கிடறீங்களே!"

சொல்லிவிட்டுப் புல்லுக்குள் மறைந்தது.

மரநாயின் கையிலிருந்து பட்டியல்கள் நழுவின.

"அப்ப... போன வருஷமும் இந்தப் பிள்ளை கத்துச்சா?" என்று கேட்டது சிவத்தி.

மஞ்சக்காலி கீழே கிடந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்தது.

"கத்துச்சு," என்றது. "நாங்க பூஜ்யம் போட்டோம். இன்னிக்கு நான் அந்த வாயையும் கட்டிப் போட்டேன்."

அன்றைக்கே ஆலமரத்துப் பலகை இறங்கியது. அடுத்த தேர்வுக்கு மணி இல்லை, குறித்த நாள் இல்லை, திசையும் இல்லை. நாற்பது பேரில் ஏழு பேர்தான் தேறினார்கள். கருமந்திக்கு அரியர். கேள்வி கேட்கும் இடத்தில் கோணவால் உட்கார்ந்திருந்தது.

மணிக்குக் கத்துபவனைத் தேற வைத்துவிட்டு ஆபத்துக்குக் கத்துபவனைத் தவறவைக்கும் தேர்வில், உண்மையில் தோற்பவர் தேர்வு வைத்தவரே.