கஞ்சி விரதம்

கொளஞ்சிக்கு வயது அறுபத்திரண்டு. லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். பெண்டாட்டி செத்தபின் ஆற்றங்கரை மடத்தில் வந்து ஒண்டிக்கொண்டார். மடத்துத் தாயாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்தான் இவருக்குக் குரு.

இரண்டு மாதமாகக் கொளஞ்சி சோற்றைத் தொடவில்லை. நீர்க்கஞ்சி மட்டும்தான். அதையும் பந்தியில் உட்காராமல் பின்கட்டில் தனியாகக் குடித்தார். "அடேயப்பா, என்ன வைராக்கியம்!" என்று மடமே மெச்சியது. சிலர் காலில்கூட விழுந்தார்கள். மெச்ச மெச்ச அவருக்குப் பயம்தான் கூடியது. சொல்லி அழ ஒரு ஆள் இல்லை.

ஒருநாள் காலை தாயாரே பின்கட்டுக்கு வந்தார். கையில் ஓர் இட்லி.

"விரதம் போதும். சாப்பிடுங்க."

குரு சொன்னால் மறுக்க முடியுமா? ஒரு விள்ளல் வாயில் போட்டார். மென்றார், மென்றார். விழுங்கியது நெஞ்சிலேயே நின்றுவிட்டது. கண்ணில் நீர் முட்ட, எழுந்து ஓடிப்போய்ச் சாக்கடையோரம் கக்கினார்.

தாயார் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது தாயே. முதல்ல சோறு அடைச்சுது. அப்புறம் இட்லியும்."

"விரதம்னு ஏன் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களா நெனச்சாங்க. நானும் விட்டுட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். முப்பது வருஷம் பீடி. லோடு இறக்கினால் சாராயம். அடுப்பிலிருந்து வந்த டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கு. தீராத நெஞ்செரிச்சல், அதற்கு ஒரு சோடா.

"எல்லாத்தையும் விட்டு ஏழு வருஷம் ஆச்சே தாயே. இன்னுமா தண்டனை?"

"தண்டனைன்னு யார் சொன்னா? உணவுக்குழாய்ல ஏதோ அடைக்குது. என்னன்னு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லட்டும்."

"அதுதான் முடியல. ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதற அம்மா, கூட யார் வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. யாருமில்லன்னு சொல்ல வாய் வரல. திரும்பிட்டேன்."

தாயார் எழுந்து காவிப் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"கிளம்புங்க. ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

"நீங்களா? உறவெல்லாம் துறந்தவங்களாச்சே! சீட்டுல யாருன்னு எழுதச் சொல்றது?"

"தங்கச்சின்னு எழுதச் சொல்லுங்கண்ணே."