கண்மாய் விமானத்தில் கட்டிய சீட்டுகள்

மூளையைப் பங்கு வைத்த அன்று நம்ம சிலுப்பனேந்தல்காரர்களும் வரிசையில் நின்றவர்கள்தான். எதற்கு வரிசை என்று தெரியாததால் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த ஊர்க் கண்மாய்க்குள் வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை விமானம் ஒன்று கிடந்தது. அதை வெளியே எடுத்துச் சரிசெய்கிற வேலை சாத்தையாவுக்கும் அவன் கூட்டாளிகள் இருளாண்டி, நாகநாதன் இரண்டு பேருக்கும் கிடைத்தது. வேறு எவனும் அந்தச் சேற்றில் இறங்கச் சம்மதிக்கவில்லை.

"நல்லபடியா முடிச்சா விமானத்துக்குப் பக்கத்திலயே பலகை வைப்போம். அதுல உங்க பேரு இருக்கும்" என்று வேலையைக் கொடுத்த மியூசியத்து மேடம் சொல்லியிருந்தார். சாத்தையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரேஷன் கார்டைத் தவிர உம்ம பேரு எங்கய்யா எழுதியிருக்கு?" என்று அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் கேட்காத நாளில்லை. நியாயமான கேள்விதான் என்று அவனுக்கே தெரியும்.

"பூ மாதிரி தூக்கணும்" என்று மேடம் போனில் சொன்னார்.

சாத்தையா கூட்டம் போட்டான். "பூவை எப்படிடா வச்சிருப்பாங்க?"

"தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க. இல்லாட்டி வாடிரும்" என்றான் இருளாண்டி.

எழுபது வருஷம் தண்ணீருக்குள் கிடந்ததைக் கரையேற்றி, வாடிவிடாமல் மூன்று நாள் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். சாத்தையாவுக்கு இடுப்பு போயே போச்சு.

மறுபடியும் போன் வந்தது. "பிரிச்சுக் கழுவுங்க. ஒவ்வொரு பாகத்துலயும் அது எங்க இருந்துச்சுன்னு சீட்டு எழுதிக் கட்டிருங்க."

"இந்த ஆணி எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டான் சாத்தையா.

"கண்மாயில."

"இந்தச் சக்கரம்?"

நாகநாதன் நெடுநேரம் யோசித்தான். "அதுவும் கண்மாயிலதாண்ணே. பொய் எழுதக் கூடாது."

நானூற்றுப் பன்னிரண்டு சீட்டு. நானூற்றுப் பன்னிரண்டிலும் 'கண்மாயில் இருந்தது' என்று சாத்தையாவே கைப்பட எழுதினான். எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது.

கழுவித் துடைத்த பாகமெல்லாம் வெயிலில் பளபளத்தது. கடைசி உத்தரவும் வந்தது. "சீட்டைப் பார்த்து எல்லாத்தையும் அதது இருந்த இடத்துல வச்சிருங்க. பழையபடி ஆயிரணும். வெள்ளிக்கிழமை வர்றேன்."

"பளபளன்னு ஆக்கிட்டோம், மனசே வரலியேண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னான் இருளாண்டி.

"படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்டா" என்று சாத்தையா அதட்டினான். ஒரு சீட்டையும் விடாமல் வாசித்து வாசித்து, எல்லாவற்றையும் நடுக் கண்மாயில் இறக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். வெறும் கரையைப் பார்த்தார். "விமானம் எங்கய்யா?"

"பழையபடி ஆயிருச்சு மேடம்!" என்று சாத்தையா தண்ணீரைக் காட்டினான். "ஒரு ஆணி இடம் மாறல."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறார் என்று நினைத்துக்கொண்டான் சாத்தையா. ஆனாலும் அவனுக்கு மனசுக்குள் ஒரு உறுத்தல். தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"மேடம், அந்தப் பலகையில எம் பேரை மட்டும் தண்ணியில அழியாத பெயின்ட்டுல எழுதச் சொல்லுங்க. எம் பொண்டாட்டி முங்கிப் படிக்கணும்."